ஆம்ப்ளிஃபயரில் குறையில்லை

ஸ்பீக்கருக்கு முன்னால், முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் கண்களை மூடி அத்தான் உட்கார்ந்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆராதனைக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து ஊசி குத்துவதுபோல ஓர் ஒலி வந்துகொண்டிருந்தது. எனக்குப் பல் கூசியது. அத்தானோ, “எப்ப மாப்ள போடப்போற?” என்று கேட்டார்.

அத்தான் என் அக்காவின் கணவர். தூத்துக்குடிப் பக்கமிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்கள் எங்களுடையவை. அவர் இள வயதிலேயே நல்லூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் சேர்ந்தவர். துணி பின்னும் இயந்திரங்களுக்கு நடுவே, அறுந்த நூலை முடிவதும் உடைந்த ஊசியை மாற்றுவதுமாகவே அவருக்கு ஆண்டுகள் போயின. ஞாயிறன்று மட்டும் வேறு ஆள். எங்கள் சிறிய சபையில் கிட்டார் அவருடையது. பாட்டு முடிந்து எல்லோரும் அமரும்போது மெல்லிய கம்பிகளில் மட்டும் நாலைந்து சுரங்களைத் தட்டிவிடுவார். அதற்காகவே காத்திருப்பவர்கள் உண்டு; நானும் அவர்களில் ஒருவன்.

அவருடைய கம்பெனி இருக்கும் தெருவிலேயே எனக்குக் கடை. இயந்திரங்களின் எலெக்ட்ரானிக் போர்டுகளைப் பழுது பார்ப்பது தொழில். அத்தானின் கிட்டாருக்கு ஆம்ப்ளிஃபயர் செய்து கொடுத்ததும் நான்தான். சில ஆண்டுகள் நன்றாகவே ஓடியது. பிறகு ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். “மந்தமா கெடக்கு மாப்ள. கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுத மாதிரி இருக்கு.”

ஆம்ப்ளிஃபயர் எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் பெருக்குவதில்லை. எது எங்கே குறைகிறதென்று அறிய, தாழ்ந்த உறுமலிலிருந்து கொசுவின் ரீங்காரம் வரை படிப்படியாக ஒலியைச் செலுத்தி, வெளியே வருவதை மைக்கில் வாங்கிக் கணினியில் கோடாக வரைந்து பார்க்க வேண்டும். போர்டைத் தனியாக அளந்தேன். டோன் கண்ட்ரோலை அளந்தேன். சந்தேகத்துக்குக் கண்டன்சர்களை மாற்றினேன். ஸ்பீக்கரைக் கழற்றி வேறு பெட்டியில் வைத்தும் அளந்தேன். கம்பியின் மினுக்கம் இருக்குமிடத்தில் சற்றே எழும்பி, அதற்கப்பால் சரிந்து, கிட்டார் ஸ்பீக்கருக்கு வரவேண்டியபடியே கோடு வந்தது. ஒவ்வொரு முறையும் அத்தான் வாசித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கோபமில்லை, என்னைச் சங்கடப்படுத்துகிறோமே என்கிற முகம்.

அந்த ஞாயிறு காலை, சபையில் அவராகவே, கீச்சொலிகளைக் கூட்டும் டிரெபிள் குமிழை முழுவதும் திருகிவிட்டார். முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். போதகர் பாதிப் பாட்டில் கையமர்த்தினார். ஏன் என்று அத்தானுக்கு விளங்கவில்லை. நேராக என்னோடு கடைக்கு வந்துவிட்டார்.

“ஒவ்வொரு ஒலியாப் போடுதேன் அத்தான். கேட்டா கையத் தூக்குங்க” என்றேன். அப்போதும் ஆம்ப்ளிஃபயரைச் சோதிப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஐந்நூறு ஹெர்ட்ஸுக்குக் கை எழுந்தது. ஆயிரத்துக்கும் எழுந்தது. மூவாயிரத்தில் தயங்கியது. நாலாயிரத்தில் எழவேயில்லை. ஒலியைக் கூட்டினேன். எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அத்தான் ஜெபத்தில் இருப்பவரைப்போலக் காத்திருந்தார். எப்போது போடப்போகிறாய் என்று கேட்டபடி கண்ணைத் திறந்தவர், நான் காதைப் பொத்திக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். அதன்பின் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காது டாக்டர் சுற்றி வளைக்காமல் சொன்னார்: “நரம்பு போயிருச்சுங்க. போனது திரும்பாதுங்க. மிஷின் சத்தத்துல நிக்காம, இருக்கறதையாவது காப்பாத்திக்குங்க.” கம்பெனி முதலாளியிடம் அத்தானுக்கு வேறு வேலை கேட்கப் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். “ஏனுங் தம்பி, மிஷின் ஓடுனா சத்தம் வராம இருக்குமுங்களா? அவருக்கு இதத் தவிர வேறொண்ணும் தெரியாதுங்களே” என்றார். இரண்டும் உண்மைதான். ஒரு பெட்டி காதடைப்பான் கொடுத்தனுப்பினார். மறுநாளும் அத்தான் வேலைக்குப் போனார்.

அவருக்கு எங்கே குறைகிறதோ அங்கே மட்டும் ஒலியைக் கூட்டி ஒரு சர்க்யூட் செய்து ஹெட்ஃபோனில் கொடுத்துப் பார்த்தேன். சற்று நேரம் வாசித்துவிட்டுக் கழற்றி வைத்தார். “எரைச்சல்தான் டே வருது. கிட்டார் வரல.” மங்கிய காதுக்குக் கூட்டிக் கொடுக்கலாம். செத்துப்போன இடத்துக்கு எவ்வளவு கூட்டியும் பயனில்லை. பழுதான பாகத்தைக் கண்டுபிடித்த பிறகு மாற்ற முடியாமல் நின்றது எனக்கு அது ஒருமுறைதான்.

மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளிடம் சொல்ல வேண்டாமென்று அத்தானும் அக்காவும் முடிவு செய்திருந்தார்கள். பரீட்சை முடியட்டும் என்றார்கள். போன வாரம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது அவள் கூப்பிட்டாள். அத்தான் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, “சரி பாப்பா, ரொம்ப சந்தோசம், நல்லாப் படி” என்று முகம் மலரப் பேசினார். பிறகு போனை என்னிடம் நீட்டி, “சத்தம் கேக்கு மாப்ள, வார்த்ததான் பிடிபடல. என்னன்னு கேளு” என்றார்.

வாங்கிக் காதில் வைத்துக் குரல் கொடுத்தேன். மறுமுனையில் அவள் அழுதுகொண்டிருந்தாள். “மாமா, ரெண்டு நாளாக் காய்ச்சல், வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லுதேன். அப்பா சந்தோசம்ங்காங்க.”

மகள் என்ன நல்ல செய்தி சொன்னாளோவென்று, சிரிக்கத் தயாரான முகத்தோடு அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.