கூழ் மாளு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு சாப்பாட்டுக்கடை இருக்கிறது. கடை என்று அடக்கமாகச் சொல்கிறேன். மூன்று மாடிக் கட்டடம். கீழே சாப்பாடு, நடுவில் விருந்து மண்டபம், மேலே நானும் மனைவியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சாரமும் இரண்டு சேட்டுமாகக் கோச்சி ஏறி வந்தவன் கட்டிய கட்டடம் அது. இதை நான் எல்லோரிடமும் சொல்வதுண்டு. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எதை வைத்துக் கட்டினாய் என்று கேட்டால் ஒரே பதில்தான். கூழ்.

நான் தொடங்கிய காலத்தில் வெள்ளவத்தையில் கூழ் வீடுகளுக்குள்தான் காய்ச்சப்பட்டது. அதைக் கடையில் வைத்து, சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொடுத்த முதல் ஆள் நான். வெள்ளிக்கிழமை முழுக்க மரக்கறி சாப்பிட்ட சனம் சனிக்கிழமை மத்தியானம் வந்து ஒழுங்கையிலேயே நிற்கும். புரட்டாசிச் சனிகளில் மட்டும் பானை கவிழ்ந்திருக்கும். மற்றச் சனிகளில், பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா வேகும் வாசம் தண்டவாளம் வரைக்கும் போகும். கடற்கரைக் கோச்சியில் வாசலில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் மூக்கைத் திருப்புவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கூழின் உயிர் மீனில் இருந்தது. அதற்காக விடிய முதல் ஓட்டோவில் முகத்துவாரத்துக்குப் போவேன். களனி ஆறு கடலில் விழும் இடத்துக்கு அப்பால் கடலடி சேற்றுத் தரை. இறால் அதில்தான் இருக்கும். சிறிய வள்ளங்கள் அந்தத் தரையோடு வலையை இழுத்து வந்து, கரையில் வலையின் மடியை அவிழ்த்துக் கொட்டும். இறால் ஒரு பங்கென்றால் மற்றது அதைவிடப் பெரிய குவியல். விரல் நீளக் காரல், வெற்றிலை மாதிரித் தட்டையான நாக்கு மீன், உள்ளங்கையளவு திருக்கை, கணவாய்க் குஞ்சு, பொத்தான் மாதிரி நண்டு. இறாலைப் பொறுக்கியபின் மிச்சம் காகத்துக்கு. அதற்குக் கரையில் பெயர் குப்பை.

நான் ஒருநாள் அந்தக் குப்பையில் ஒரு கூடை அள்ளிக்கொண்டு வந்து பானைக்குள் போட்டேன். அன்றைய கூழை இப்போது நினைத்தாலும் வாய் ஊறுகிறது. காரலின் இனிப்பு, திருக்கையின் நெய், நண்டுக் குஞ்சின் வாசம், எல்லாம் ஒடியல் மாவோடு கலந்து, ஒன்றையும் தனியாக இன்னதென்று சொல்ல முடியாமல் ஒரு ருசி. பெரிய மீன் போட்டுக் காய்ச்சினால் மீன் ருசிக்கும். இது கடல் ருசித்தது.

ஆனால் ஊருக்கெல்லாம் கூழ் ஊற்றும் மனிதன் கரையில் நின்று, "குப்பை ஒரு கூடை தா" என்று கேட்கலாமா? அதனால் பெயரை மாற்றினேன். "கூழ் மீன் இருக்கோ?" என்றேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிங்கள வள்ளக்காரர்கள் அதைக் கூழ் மாளு ஆக்கினார்கள். மாளு என்றால் அவர்களுக்கு மீன். சில வருடங்களில் கரை முழுக்க அதே பேச்சு. நான் போகாத கரைகளில்கூட!

இப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்தபிறகு, ஒரு பெண் பிள்ளை வந்தாள். முப்பது வயதிருக்கும். கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், கடலடியில் வாழும் மீன்களை ஆராய்கிறவள் என்று தன்னை அறிமுகப்படுத்தினாள். சாப்பாடு ஒன்றும் கேட்கவில்லை.

"அங்கிள், கூழ் மாளுன்னா எந்த மீன்?"

"ஏன் பிள்ளை கேக்கிறீர்?"

"நாங்க கரை கரையாப் போய் மீன் பேரெல்லாம் கேட்டோம். ஒரு கரையில கூழ் மாளுன்னு காரலைக் காட்டுறாங்க. அடுத்த கரையில நாக்கு மீனைக் காட்டுறாங்க. இன்னொரு ஆள் நண்டைக் காட்டுறாரு. எங்க ஆராய்ச்சிப் பெரியவர் இது ஏதோ புது இனம், வயசுக்கு வயசு உருவம் மாறுதுன்னு சந்தேகப்படுறாரு. கடைசியா ஒருத்தர், வெள்ளவத்த முதலாளியப் போய்க் கேளுன்னு சொன்னாரு."

நான் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "அது மீன் இல்லைப் பிள்ளை," என்றேன். "அது நான்."

கதையைக் கேட்டு அவளும் மேசையில் அடித்துச் சிரித்தாள். அடுத்த சனிக்கிழமை கூழுக்கு வந்தாள். அதற்கடுத்த சனியும் வந்தாள். கூழுக்குள் கிடக்கும் மீன் முள்ளைத் தம்ளர் விளிம்பில் வரிசையாக வைத்து, இது இன்னது, இது இன்னதின் குஞ்சு என்று சொல்லுவாள். கூழ் குடிக்கும்போது படிப்புக் கதைக்க வேண்டாம் என்று நான் ஏசுவேன். எனக்குப் பெருமைதான். படித்தவர்கள் என் கடையைத் தேடி வருகிறார்கள் என்று பக்கத்து மேசைக்குக் கேட்கவே ஏசுவேன்.

ஒரு மழைக்காலம் முடியும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. கூழை வாங்கி வைத்துவிட்டுக் குடிக்கவில்லை.

"அங்கிள் ஒண்ணு செய்யணும். இந்த இறால் காலம் முடியிற வரைக்கும் கூழ் மாளு வாங்கக் கூடாது."

"என்ன?"

"மடியில ஒரு ஜன்னல் வச்சிருக்கோம். சின்ன மீன் தப்பிப் போற மாதிரி. வள்ளக்காரங்களுக்குச் சும்மா குடுக்கிறோம். ஆனா ஒருத்தரும் போட மாட்டேங்கிறாங்க. 'கூழ் மாளுவுக்கு வெள்ளவத்த முதலாளி இருக்காரே, அதை ஏன் வெளிய விடணும்?'னு கேக்கிறாங்க. இந்தக் காலத்துல போட்டுப் பாக்கலேன்னா என் வேலை அவ்வளவுதான் அங்கிள். மூணு வருஷம் செஞ்சது."

"கூழை நிப்பாட்டச் சொல்லுறீரோ?" என்று கத்தினேன். "இந்தக் கட்டடம் எதிலை நிக்குது தெரியுமோ?"

அவள் பயப்படவில்லை. சமையலறைக்குள் போய் ஒரு வெங்காயப் பையை எடுத்து வந்தாள். சிவப்பு வலைப்பை. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தாள். கண்கள் எல்லாம் ஒடுங்கிக் கோடாகின. "கடல்ல இழுக்கும்போது இப்படித்தான். சின்னதும் போக முடியாது." பிறகு பையைச் சரித்துப் பிடித்து இழுத்தாள். கண்கள் சதுரமாகத் திறந்தே நின்றன. "மடிக்கு மேல் பக்கம் இப்படி ஒரு துண்டு தைக்கிறோம். இறால் அடியில கிடக்கும். மீன் மேல எழும்பும். வழி இருந்தாப் போயிரும்."

சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரி. ஆனால் நானும் விடவில்லை. "மீன் சின்னனாப் பிறந்தா அதுக்கு நான் என்ன செய்யிறது?" என்றேன்.

அவள் லப்டொப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள். கடலடியில் இறக்கிய கமரா பிடித்த படம். கலங்கிய பச்சை வெளிச்சம், சேறு, வேறொன்றும் இல்லை. பிறகு அந்தச் சேற்றின் ஒரு துண்டு அசைந்தது. நாக்கு மீன். உடம்பை இரண்டு குலுக்குக் குலுக்கி, குளிருக்குப் போர்வையை இழுத்து மூடுகிற மாதிரி, சேற்றைத் தன்மேல் போர்த்திக்கொண்டது. வெளியே இரண்டு கண் மட்டும். அது இப்படியும் பார்த்தது, அப்படியும் பார்த்தது. மேலால் காரல் கூட்டம் ஒன்று வெள்ளிக் காசு சிந்தின மாதிரிப் போனது.

எத்தனை கூடை நாக்கு மீன் அள்ளியிருப்பேன். அது கண்ணை உருட்டும் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ட எல்லாமே கண் வெளுத்துக் கிடந்தவை.

காசு மேசையிலிருந்து என் மனைவி வாய் திறந்தாள். அவள் திறந்தால் எனக்குக் கெட்ட நேரம்.

"இவ்வளவு நாளும் என்ர கைப்பக்குவம், என்ர கைப்பக்குவம் எண்டெல்லோ சொல்லித் திரிஞ்சனீங்கள்? இப்ப பாத்தால் காரல் குஞ்சின்ர பக்குவம் போல கிடக்கு."

"ஆர் சொன்னது?"

"நீங்கள்தான் கத்துறியள். அது இல்லாட்டிக் கூழ் இல்லையாம்."

சமையலறை வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் எழும்பினேன். "பிள்ளை, நீர் போய் உம்முடைய ஜன்னலைத் தையும். இந்தக் கை இருக்கிற வரைக்கும் எந்த மீன் போட்டாலும் கூழ் கூழ்தான்."

அந்தக் கிழமை சந்தையில் விளைமீன் தலை, பெரிய நண்டு, இறால், நல்ல கணவாய் வாங்கினேன். காசைப் பார்க்கவில்லை. பானையில் நானே நின்றேன். பலாக்கொட்டை, பயிற்றங்காய், முருங்கையிலை, செத்தல் மிளகாய் அரைத்த கூட்டு, எல்லாம் என் கையால்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர் வருவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் கோட்டைக்கு வந்து, அங்கிருந்து கோச்சி பிடித்து, சனிக்கிழமை தவறாமல் வருவார். கூழைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. குடித்து முடித்துத் தம்ளரை நீட்டுவார். ஊற்றுவோம். திரும்பவும் நீட்டுவார். அதுதான் அவருடைய பேச்சு.

அன்றைக்கும் வந்தார். முழுவதும் குடித்தார். தம்ளரை மேசையில் வைத்தார். கை கழுவினார். துடைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்றார்.

நல்லாத்தான் இருக்கு! அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. காசு மேசையில் இருந்தவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். நக்கலடிக்க இதைவிட நல்ல நேரம் கிடையாது, ஆனால் அடிக்கவில்லை. "அடுத்த கிழமை கொஞ்சம் புளி கூட விட்டுப் பாருங்கோ," என்றாள், மெதுவாக.

புளி கூட விட்டேன். மீன் தலையைக் கூட்டினேன், திருக்கை வாங்கிப் போட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருந்தது.

இறால் காலம் முடிந்து அந்தப் பிள்ளை ஓடிவந்தாள். வள்ளக்காரர்கள் ஜன்னலைக் கழற்ற மாட்டோம் என்கிறார்களாம். குப்பை குறைந்ததால் மடி பாரமில்லை, இறால் நசுங்காமல் வருகிறது, பொறுக்கும் வேலையும் குறைவு. அவள் வேலை தப்பியது. கூழ் கேட்டாள். ஊற்றினேன். பாதியில் நிறுத்தித் தம்ளருக்குள் பார்த்தாள். விளிம்பில் வைக்க முள் ஒன்றும் இல்லை.

"பழைய கூழ் ஞாபகம் இருக்கோ பிள்ளை?"

"இருக்கு அங்கிள்." தம்ளரைக் கீழே வைத்து, "அம்மா மேல சத்தியமா, நானும் அதைத்தான் நெனச்சேன்," என்றாள்.

அதற்குப்பிறகு நான் விரும்பியிருந்தால் திரும்ப வாங்கியிருக்கலாம். ஜன்னல் வைத்தாலும் கொஞ்சம் அகப்படும். ஒரு சனிக்கிழமைக்குப் போதும். ஆனால் கைப்பக்குவம் என்று ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அது ஒன்று. மற்றது, கரையில் நாக்கு மீனைக் கையில் எடுத்தால் அது போர்வை இழுத்தது ஞாபகம் வருகிறது. வைத்துவிடுகிறேன்.

கிரேன் ஓட்டியவர் இப்போதும் வருகிறார். ஒரு தம்ளர் குடிக்கிறார். மிச்ச நேரம் பழைய கூழைப் பற்றிக் கதைக்கிறோம். முந்தி வாயே திறக்காத மனிதர் இப்போது அந்தக் கூழைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசுகிறார்.

போன மாதம் மீன் தலை வாங்க முகத்துவாரத்துக்குப் போனேன். எனக்குத் தெரியாத இளம் வள்ளக்காரன் ஒருவன் மடியை விரித்துத் தைத்துக்கொண்டிருந்தான். மேல் பக்கத்தில் சதுரக் கண். தெரியாதவன் போல, "இதென்ன?" என்று கேட்டேன்.

"கூழ் மாளு ஜன்னல், முதலாளி."

"ஏன் அந்தப் பேர்?"

"சின்ன மீன் வெளிய போற வழி. கூழ் மாளுன்னா சின்ன மீன். எங்க தாத்தா காலத்துச் சொல்லு."

"தாத்தாவோ? அது நான் வைச்ச பேர் தம்பி."

அவன் ஊசியை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தான். பக்கத்திலிருந்தவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். "அப்ப கடலுக்கும் முதலாளிதான் பேர் வச்சீங்களா?"

எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சந்தேகம் உள்ளவர்கள் அந்தக் கொட்டாஞ்சேனைப் பிள்ளையைக் கேட்கலாம். கடலுக்கு நான் பெயர் வைக்கவில்லை. கூழ் மீனுக்கு வைத்தேன்.