எட்டாவது கேள்வி

ஞானமணி ஆராய்ச்சியில் சேர்ந்து ஏழு வருஷம் ஓடிவிட்டது. பகுதி நேர ஆராய்ச்சி என்று பெயர்; நேரம்தான் பகுதி, தலைவலி முழுசு. ஆவூரிலிருந்து காலையில் பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. சனி, ஞாயிறில் ஊர் ஊராகப் போய்ப் பேட்டி. மிச்சம் மீதி நேரத்தில் எழுத்து. சமூகப்பணியில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டால் ஏதாவது ஒரு கல்லூரியில் வேலை கிடைக்கும், பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்க வேண்டாம். அவள் பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை.

வீட்டில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் மனச்சுமை, இதுதான் அவளுடைய தலைப்பு. தலைப்பைத் தேடி எங்கும் அலையவில்லை. அவள் கணவர் அருள்தாஸ் எலக்ட்ரீஷியன். ஒன்பது வருஷத்துக்கு முன் பக்கத்து ஊர்க் கல்யாண வீட்டுக்கு சீரியல் செட் விளக்கு கட்டப் போய் மாடியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகில் புண் வந்த பிறகு பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரவும் முடியாது. வீட்டில் இருப்பது ஒரே கூடம், அதில் அவர் கட்டில். காலையில் உடம்பைத் துடைத்து, மூத்திரப் பையை மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டுத்தான் ஞானமணி கிளம்புவாள். மதியம் பக்கத்து வீட்டு நான்சி வந்து பார்த்துக்கொள்வாள்.

இருநூற்றுப் பத்துப் பெண்களிடம் இருபது கேள்விகள் கேட்டு முடித்தாயிற்று. 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'எப்போதும்' என்றால் மூன்று. மொத்தம் அறுபது மதிப்பெண். கணக்குப் போட்டுத் தருபவர் போன் செய்தார்.

"மேடம், எல்லாருக்கும் ரெண்டு, மூணு, சைபர்னு வருது. உங்க கணக்குப்படி யாருக்கும் எந்தச் சுமையும் இல்ல."

பத்து வருஷமாக மலம் அள்ளுகிறவளுக்கும் பூஜ்யம்! பேட்டி எடுத்தபோது ஞானமணிக்கு இது உறுத்தவே இல்லை. நம் பெண்களின் பொறுமையே பொறுமை என்று மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பக்கம் புகழ்ந்து வேறு வைத்திருந்தாள்.

வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் நின்றாள். ஓய்வு பெற இன்னும் எட்டு மாதமே இருந்த மனிதர். யாருடைய பிரச்சினையையும் புதிதாகத் தலையில் ஏற்றிக்கொள்ளும் உத்தேசம் அவருக்கு இல்லை.

"நாலு மாசத்துல தீசிஸ் குடுக்கணும்மா. இனிமே எக்ஸ்டென்ஷன் கிடையாது. நம்பரைக் கொஞ்சம் அங்கிட்டு இங்கிட்டு மாத்திப் போட்டுக் குடுத்துருங்க. யாரு போயி அவங்ககிட்ட திரும்பக் கேக்கப் போறா?"

அவள் மறுத்துப் பேசவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அன்றைக்கு இருந்த அசதியில் அந்த யோசனை அவளுக்குப் பிடித்துக்கூட இருந்தது.

அந்த வாரக் கடைசியில் நிறுவனத்துக்குப் பயிற்சிக்கு வந்திருந்த மாணவி பொற்கொடி, பேட்டி எடுத்துப் பழக ஒரு வீடு வேண்டும் என்றாள். வேறு வீடு தேட ஞானமணிக்குத் தெம்பில்லை. "எங்க வீட்டுக்கே வா" என்று சொல்லிவிட்டாள்.

பொற்கொடி கூடத்தில் பாயில் உட்கார்ந்து அதே தாளை வைத்துக்கொண்டு கேட்டாள். தூக்கம் கெடுகிறதா? இல்லை. கோபம் வருகிறதா? இல்லை. எட்டாவது கேள்வி வந்தது.

"இது எப்பதான் முடியுமோன்னு நெனச்சிருக்கீங்களா மேடம்?"

"இல்லவே இல்ல" என்றாள் ஞானமணி.

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதில் விழுந்தது. கட்டில் நாலடி தூரத்தில் இருந்தது. அருள்தாஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், தூங்கவில்லை. இருநூற்றுப் பத்து வீட்டிலும் இப்படித்தானே கேட்டோம்? எல்லா வீட்டிலும் ஒரு கட்டில், அதில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு ஆள். அவர் முகத்துக்கு நேரே எவள் சொல்லுவாள்?

ஞாயிற்றுக்கிழமை திருவரங்குளம் பக்கம் இருளாயியைத் தேடிப் போனாள். பக்கவாதம் வந்த மாமனாரைப் பார்த்துக்கொள்கிறவள். பழைய தாளில் அவளுக்கு இரண்டு மதிப்பெண். வீட்டுக்குள் போகாமல் அவளை அடிபம்புக்குக் கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் கேட்டாள். இருளாயி குடத்தை இறக்கி வைத்தாள்.

"அன்னைக்கே இங்கிட்டு வச்சுக் கேட்டிருக்கக் கூடாதா டீச்சரம்மா? அவுகளுக்குக் காது நல்லாக் கேக்கும்."

அப்புறம் ஒரு மணி நேரம் பேசினாள். அழவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. கூட்டிப் பார்த்தபோது நாற்பத்தேழு வந்தது.

மறுபடி பேராசிரியர். இருளாயியின் நாற்பத்தேழைச் சொன்னாள்.

"சரி, அறுபது பேரையாவது வீட்டுக்கு வெளிய வச்சுத் திரும்பக் கேளுங்க. ஏன் மாத்துனோம்னு தனியா எழுதுவோம். ஆனா அறுபது பத்தாதுன்னு எக்ஸாமினருங்க திருப்பி அனுப்பிட்டா ஏழு வருஷமும் போச்சு. அப்புறம் என்னையச் சொல்லக் கூடாது."

அவள் சரி என்றாள். பொய்க் கணக்கை எழுதியிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். இப்போது மூன்று மாதம் லீவு போட்டு அலைய வேண்டும். உடம்பெல்லாம் வலித்தது.

சாயங்காலம் அருள்தாஸைப் புரட்டிப் படுக்கவைத்து, புண்ணுக்கு மருந்து வைத்தபடி விஷயத்தைச் சொன்னாள். இருளாயி சொன்னதையும் மறைக்கவில்லை. அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தப் புள்ள கேட்டப்ப எட்டாவதுக்கு இல்லன்னு சொன்னியே மணி."

அவள் பஞ்சைக் கீழே வைத்தாள். ஒன்பது வருஷத்தில் அவரிடம் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறாள்: புண் ஆறுகிறது, டாக்டர் நல்லபடியாகச் சொன்னார், எனக்குத் தூக்கம் வருகிறது. இன்னொன்றைத் தேட முடியவில்லை.

"நெனச்சிருக்கேங்க" என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"நானும்தான்" என்றார் அருள்தாஸ்.

நான்சி வீட்டில் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அந்தப் புள்ளைய நாளைக்குத் திரும்ப வரச்சொல்லு. நான்சி புருஷன் சந்தனராஜு இருப்பான்ல, அவனைக் கூப்பிட்டு ரெண்டு பேருமா என்னையக் கட்டிலோட வெளிய தூக்கி வச்சிருங்க. பேச்சுக் கேக்காத தூரமா வைங்க."

"வெயில் அடிக்குங்க. முதுகுப் புண்ணு..."

"அடிச்சா அடிக்கட்டும். நீ இருபதுக்கும் பதில் சொல்லி முடி. அப்புறம் என்னைய உள்ள கொண்டாந்தாப் போதும்."