ரேவா ஆக்கிய மொச்சைச் சோறு

சூரத்தில் பஞ்சு வியாபாரியிடம் வேலை பார்த்த சுப்பண்ணன், 1934-ல் ரேவா என்ற குஜராத்திப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பெருந்துறைப் பக்கம் இருந்த தன் ஊருக்குத் திரும்பினான். வேற்றுச் சாதி மருமகளிடம் அவன் அப்பா தம்பிதுரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கையால் எதையும் உண்ணவுமில்லை.

ஒருநாள் மாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ரேவாவுக்குக் களி கிண்டத் தெரியாது. அரிசியும் மொச்சையும் ஒரே பானையில் வேகவைத்து, நெய்யில் சீரகமும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினாள்.

தம்பிதுரை வட்டிலைப் பார்த்தார். "என்னடா இது?" என்று மகனைக் கேட்டார். சுப்பண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

"எங்க ஊர்ச் சோறுங்க, மாமா. துவாரகைக்கு நாங்க வண்டி கட்டிப் போவோம். வழியில கல்லுக் கூட்டி அம்மா இதத்தான் ஆக்குவாங்க" என்றாள் ரேவா தட்டுத்தடுமாறி.

அவர் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்தார். உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது.

"ஏனுங்க, காத்தால அவ கையிலதான் நான் கஞ்சி குடிச்சேன். நீங்களும் உண்டுபோட்டுப் போங்க."

தம்பிதுரை உள்ளறைப் பக்கம் பார்த்தார். பிறகு உட்கார்ந்து ஒரு வாய் உண்டார்.

"உப்புப் பத்தல, அம்மணி" என்றார் மருமகளைப் பார்த்து. ரேவா உப்பெடுக்க ஓடினாள்.