எண் இல்லாமல் திறந்தவர்களுக்கு

அலுவலகத்தில் அவளுக்கு 'அவசரம்' என்றுதான் பெயர். அவள் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. தேநீரை ஆறவிட மாட்டாள்; நாக்கைச் சுட்டுக்கொண்டு தேநீரைத் திட்டுவாள். பதினான்கு வருடமாகத் தேர்வு முடிவு காட்டும் இணையப் பக்கங்களை எழுதுகிறாள். கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றது? ஆனால் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற வியாதி உண்டு.

இணைய முகவரியின் கடைசியில் ஒரு கேள்விக்குறி, அதன் பின்னால் மாணவரின் பதிவு எண். சர்வரில் இருக்கும் டெம்ப்ளேட், அதாவது அவள் எழுதிய மாதிரிப் பக்கம், அந்த எண்ணைப் படித்து, உரியவரின் பெயரையும் மதிப்பெண்ணையும் நிரப்பி அனுப்பும். சோதிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எண்ணை அடித்துக்கொண்டிருக்க அவளுக்குப் பொறுமை ஏது! எண் வராவிட்டால் இதை எடுத்துக்கொள் என்று டெம்ப்ளேட்டிலேயே ஓர் எண்ணை எழுதிவைத்தாள். சொந்த மகளின் எண். பிறகு அழிக்க மறந்தாள், மகராசி.

முடிவு வெளியான காலையில், மகள் படிக்கும் பள்ளியே எண் இல்லாத வெறும் முகவரியை எல்லாப் பெற்றோருக்கும் அனுப்பித் தொலைத்தது.

மேலாளர் ஓடிவந்தார். "ஏம்மா, யார் திறந்தாலும் ஒரே பொண்ணோட மார்க் வருதாம்! கணக்குல ஃபெயிலான பொண்ணு. எல்லாரும் பாத்துட்டாங்க!"

அவளும் அந்த வெறும் முகவரியை அடித்தாள். திறந்தாள். மகளின் பெயர். கணக்கில் இருபத்தொன்பது. பதறியடித்து வேறு வரியை அழித்தாள், பக்கமே படுத்துக்கொண்டது. திரும்பப் போட்டு, சரியான வரியைத் தேடி, 'பதிவு எண்ணைத் தாருங்கள்' என்று மாற்றுவதற்குள் கை இருபது தடவை வழுக்கியது.

"சர்வர் கோளாறுன்னு அறிவிப்பு போட்டுடலாம். யாருக்கும் தெரியாது" என்றார் மேலாளர். நல்ல மனிதர், அவளைக் காப்பாற்றத்தான் சொன்னார். அவளும் தலையாட்டினாள். வெட்கம் பிடுங்கித் தின்றாலும் தலையாட்டத்தான் செய்தாள்.

அறிவிப்பு போன சற்று நேரத்தில் கைபேசி அடித்தது. மகள்.

"அம்மா, சர்வர் கோளாறாமே. அப்படியாம்மா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்தாள், ஜன்னல்வரை போனாள், திரும்பினாள்.

"இல்லடி. நான்தான். உன் நம்பரைப் போட்டு வெச்சு எடுக்க மறந்துட்டேன்."

"ஏன் என் நம்பர்?"

"மனப்பாடமாத் தெரிஞ்ச நம்பர் எனக்கு அது ஒண்ணுதான்."



"நான் இன்னும் பாக்கவே இல்லம்மா. அந்த நம்பரை அடிக்கப் பயந்துக்கிட்டு காலையிலேர்ந்து உக்காந்திருந்தேன். எனக்கு முன்னாடி எல்லாரும் பாத்துட்டாங்க."

"தப்புதான்டி. மன்னிச்சுக்கோ."

"எவ்வளவு மார்க்குன்னு மட்டும் நீ சொல்லிடு. வேற யார் சொல்லியும் கேக்க வேண்டாம்."

அவசரம் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மொழிப் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.