உறையோடு கட்டிய வாள்

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் ஒரு வாள் இருக்கிறது. கூர் கிடையாது, வாழைப்பழம் வெட்டக்கூட உதவாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதை இடுப்பில் தொங்கவிட்டு, கம்பளி அங்கி போட்டுக்கொண்டு, எங்குமே இல்லாத ஒரு ராச்சியத்தின் பழங்காலப் படையாகக் காட்டுக்குள் நடக்கும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. மற்ற நாட்களில் மருந்துக்கடையில் நிற்கிறேன்.

நாற்பது வயதில் இது என்ன கூத்து என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. கேட்கட்டும். வாள் இடுப்பில் இருந்தால் கூன் போட்டு நடக்க முடியாது. இறக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளாவிட்டால் உறை கால்களுக்கிடையில் புகுந்து ஆளை விழுத்திவிடும். அந்தக் கவனத்தில் மற்றதெல்லாம் மறந்துபோகும். எனக்கு அது வேண்டியிருந்தது.

என் கணவருக்கோ அந்த வாள் வீட்டில் இருப்பதே பிடிக்கவில்லை. அவர் போர்க்காலத்தில், தெருவுக்குத் தெரு இராணுவச் சோதனைச்சாவடி இருந்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். நான் ஜெர்மனியில் வளர்ந்தவள். போர் எனக்குப் பெரியவர்கள் தொலைபேசியில் குரலைத் தாழ்த்திப் பேசிய விஷயம். வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் வாளைப் படுக்கைவிரிப்பில் சுற்றி பட்மின்டன் பைக்குள் வைக்கும்போது மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார். ஒருநாள் வந்து பார்த்தால் பயம் தெளியும் என்று நினைத்தேன். தெளியாவிட்டால் நடையை விட்டுவிடுவது என்றும் மனதுக்குள் முடிவெடுத்திருந்தேன்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ. எல்லாம் சும்மா விளையாட்டு."

"சரி, வாறன்," என்றார்.

காட்டு வாசலில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். தலைவர் ஒவ்வொரு வாளையும் உருவி, விளிம்பில் விரலை ஓட்டிக் கூர் இல்லை என்று பார்த்து, திரும்ப உறையில் போட்டு, கைப்பிடியைத் தோல்வாரால் உறையோடு கட்டிவிடுவார். நடை முடியும்வரை யாரும் உருவக் கூடாது. பாதுகாப்புக்குத்தான். ஆனால் அவர் அதைக் கோட்டைக் காவலனாக அதட்டிக்கொண்டே செய்வார். எங்களுக்குப் பாதிச் சந்தோஷம் அதில்தான். இதை இவருக்கு முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் வாளைக் கட்டிவிட்டு, தலைவர் எனக்குப் பக்கத்தில் நின்ற என் கணவரிடம் திரும்பினார். "அடுத்தது யார்?" என்று உறுமினார்.

இவர் கையில் சாப்பாட்டுப் பை மட்டும்தான். அதை நிலத்தில் வைத்துத் திறந்தார். சம்பல் சான்ட்விச், தண்ணீர்ப் போத்தல், என் மழைக்கோட்டு என்று ஒவ்வொன்றாக எடுத்துப் புல்லில் வைத்தார். பிறகு சாரதி அனுமதிப் பத்திரத்தை எடுத்து நீட்டியபடி மற்றக் கையை விரித்து உயர்த்தினார். பார்வை தலைவரின் சப்பாத்தில் நின்றது.

கூட்டம் கைதட்டியது. "அபாரம்! பிறவி நடிகர்," என்றார் தலைவர். நல்ல மனிதர்; ஒரு பொல்லாப்பும் நினைக்கவில்லை. கைதட்டல் கேட்டதும் இவரும் சிரித்தார். நான் அவசரமாகச் சாமான்களைப் பொறுக்கப் போனேன். இடுப்பிலிருந்த வாள் குனிய விடவில்லை. இவரே எல்லாவற்றையும் எடுத்துப் பைக்குள் அடுக்கினார், பழகிய கையோடு.

வீடு திரும்பும் ரயிலில் பட்மின்டன் பையை அவரே வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நீர் அடுத்த கிழமையும் போம்," என்றார். "அது விளையாட்டுத்தான், எனக்கு விளங்கினது. கைதான் சொல்வழி கேக்கேல்ல."

ஆசைப்பட்ட சம்மதம் கிடைத்துவிட்டது. அழுகைதான் வந்தது.

அடுத்த ஞாயிறு போனேன். "எங்கே எங்கள் நடிகர்?" என்று தலைவர் தோல்வாரும் கையுமாகக் கேட்டார்.

"அவர் நடிக்கவில்லை," என்றேன்.

தலைவர் என் வாளைக் கட்டினார். அதற்குப் பிறகு அந்த வரிசையில் அவர் யாரையும் அதட்டுவதில்லை. எங்கள் பாதிச் சந்தோஷம் அத்தோடு போயிற்று. மிச்சப் பாதிக்காக நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்; அதை நினைத்தால் எனக்கே என்மேல் கோபம் வருகிறது.