தலைமையகத்துக்கு நெய்த பருந்து

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு தறிக்குழியில் இறங்கியவன் நான். எங்கே எந்த ‘ர’ போட வேண்டும் என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகள் பார்த்து முடிந்தவரை திருத்தியிருக்கிறாள். எழுதுவதற்குப் பதிலாக வாயால் சொல்லலாமே என்று அவள் கேட்டாள். எதிரில் ஆள் இருந்தால் எனக்குப் பேச்சு வராது.

ஆரணியில் பட்டு நெய்கிறேன். மகன் பட்டாளத்தில் இருக்கிறான். சேர்ந்த புதிதில் எங்கெங்கோ மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகு வடக்கே, எல்லையின் ஒரு பெரிய பகுதி முழுவதையும் பார்த்துக்கொள்ளும் படைத் தலைமையகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. என் மனைவி தெருவெல்லாம் ‘ஆபீஸ் வேலை’ என்று சொன்னாள். அந்த ஆபீஸ் என்ற சொல்லை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆபீஸ் என்றால் கூரை, மேசை, நாற்காலி. பனியும் பள்ளத்தாக்கும் துப்பாக்கியும் வேறு யாரோ பெற்ற பிள்ளைகளுக்கு. இப்படி நினைப்பது சரியில்லை என்று தெரியும். ஆனாலும் அப்படி நினைத்தால்தான் எனக்குத் தறியில் கை ஓடியது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது அவன் ஒரு விஷயம் சொன்னான். தலைமையகம் தொடங்கிய நாளை அங்கே விழாவாகக் கொண்டாடுவார்களாம். அவனுடைய மேலதிகாரிக்கு ஆரணிப் பட்டு பற்றித் தெரிந்திருக்கிறது. தலைமையகத்தின் சின்னத்தைப் பட்டில் நெய்து சுவரில் தொங்கவிட்டால் நன்றாக இருக்கும் என்று அவர் சொல்ல, இவன் எங்கள் அப்பாவே நெய்வார் என்று ஒத்துக்கொண்டு வந்துவிட்டான்.

மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்கோ வேறு கவலை. துணி நன்றாக வராவிட்டால் அந்த அதிகாரி என்ன செய்வார்? கோபத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு இவனைப் பனிமலைக்கு அனுப்பிவிட்டால்? இதை யாரிடமும் சொல்லவில்லை.

அவன் அனுப்பிய படத்தில் ஒரு மலை முகட்டில் பருந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு உருவத்தை நெய்வதற்கு முன்னால் அது என்ன, எதற்காக அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது எங்கள் வழக்கம். போளூரில் ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் இருக்கிறார். எங்களுக்குத் தூரத்து உறவு, எனக்கு அண்ணன் முறை. அதே தலைமையகத்தின் கீழ் வேலை பார்த்தவர். பஸ் ஏறிப் போனேன்.

படத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து ஆரம்பித்தார். அப்போது வடமேற்கு எல்லைக்கென்று ஒரு பெரிய படை இருந்ததாம். தேசம் பிரிந்தபோது அதன் தலைமையகம் இருந்த ஊரே அந்தப் பக்கம் போய்விட்டதாம்.

“ஆபீஸ் இருந்த ஊரையே எதிரி ஊருன்னு பாத்துகினு குந்திக்கிறாங்க, இன்னா சொல்ற?” என்று சிரித்தார்.

அதன் பிறகு இந்த எல்லையை மேற்குப் பக்கத்துப் படையே சேர்த்துப் பார்த்திருக்கிறது. பாலைவன ஓரத்திலிருந்து பனி வரைக்கும் ஒரே தளபதி. சண்டைகள் வந்து போன பிறகு, இவ்வளவு நீளத்தை ஒருவர் கட்டி மேய்க்க முடியாது என்று பிரித்து, மலை அடிவாரத்தில் புதுத் தலைமையகம் வைத்தார்கள். ஆரம்பத்தில் கூடாரமும் தகரக் கொட்டகையும்தான் என்றார். இவர் அங்கே போன காலத்தில் கட்டடங்கள் வந்துவிட்டனவாம்.

நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. தலைமையகத்தில் இருக்கிறவனை மேலே எல்லைக்கு அனுப்புவார்களா? அதைக் கேட்க வாய் வரவில்லை. அங்கே குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று சுற்றிச் சுற்றிக் கேட்டேன். கடைசியில் அந்த அதிகாரிகளெல்லாம் கோபக்காரர்களா என்று கேட்டுவைத்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, பருந்தின் மூக்கு மேல் விரலை வைத்தார்.

“இது எப்பவும் எல்லையத்தான் பாக்கும். சட்டையில தைக்கிறப்பகூட முன்பக்கம் பாத்தாப்பல தைக்கணும். மூஞ்சி திரும்பிச்சுன்னா ஓடிப்போறான்னு அர்த்தம். ஜாக்கிரதையா நெய்யி.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தைதான் காதில் இருந்தது. அவர் சொன்ன சரித்திரம் முழுவதும் எனக்குச் சின்னத்தின் கதையாகத்தான் பட்டது.

டிசைன் போடுகிறவரிடம் படத்தைக் கொடுத்தேன். அவர் கம்ப்யூட்டரில் வரைந்தார். அட்டை குத்தி, துணியில் உருவத்தை விழவைக்கும் ஜக்கார்டில் ஏற்றி, அரக்கு நிறப் பாவில், அதாவது நீள இழையில், குறுக்கே ஜரிகை ஊடையாக நெய்ய ஆரம்பித்தேன். எங்கள் தறியில் துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும். நெய்கிறவன் பார்ப்பது பின்பக்கத்தை. சிறகு, மூக்கு, நகம் என்று ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி நிறுத்தி, கீழே கண்ணாடி பிடித்துப் பார்த்துக்கொண்டேன். இழை ஒன்று தப்பினாலும் மகனுடைய முகம் வந்து போகும். வழக்கமாக நெய்யும் புடவையைவிட மெதுவாகத்தான் வேலை நகர்ந்தது. மனைவி, “பருந்துக்கு உயிர் குடுத்துகினு கீறீங்களா?” என்று கேலி செய்தாள்.

துணியை எடுத்துப்போக மகனே குறுகிய லீவில் வருவதாக இருந்தது. அவன் வருவதற்கு முதல் நாள் தறியிலிருந்து அறுத்தேன். மனைவி ஒரு முனையைப் பிடிக்க, விரித்துப் பார்த்தோம். நெசவில் ஒரு குறை இல்லை. ஜரிகை தகதகவென்று இருந்தது. மலை நடுவில் நின்றது. மலையின் இரண்டு பக்கமும் இரண்டு பருந்துகள், ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

எங்களிடம் மயிலோ கிளியோ அன்னமோ தனியாக வருவது கிடையாது. ஜோடியாகத்தான் வரும், முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். கல்யாணப் புடவையில் ஒற்றைப் பறவை வந்தால் கடைக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார். டிசைன் போட்டவர் என்னைக் கேட்கவே இல்லை, கை வழக்கத்தில் ஜோடி சேர்த்துவிட்டார். வரைந்ததை எனக்குக் காட்டினார். நானும் பார்த்தேன். இத்தனை நாள் நெய்தபோதும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாக இருந்ததால் எனக்கு அது சரியாகத் தெரிந்தது.

ஒரு பருந்து எல்லையைப் பார்க்கிறது என்றால் இன்னொன்று எல்லைக்கு முதுகைக் காட்டுகிறது. நான் என் பக்க முனையைக் கீழே விட்டுவிட்டேன். மனைவிக்குப் புரியவில்லை. ரெண்டு இருந்தால் இன்னும் நல்லதுதானே என்றாள். ஹவில்தார் சொன்னதைச் சொன்னேன். அவள் ஒரு பக்கத்தை மடித்துப் பின்னால் தைத்துவிடலாம் என்றாள். மடித்தால் மலை பாதியாகிவிடும். அப்படியும் மடித்துப் பார்த்தோம். ஒரு பருந்தும், வெட்டி எடுத்தது போல ஒரு அரை மலையும் வந்தன.

மகன் வந்து பார்த்தான். முதலில் சிரித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மடித்தே கொடுத்துக்கொள்கிறேன், ஒன்றும் ஆகாது என்றான். வேறு நெய்ய நேரமில்லை. ஒரு நாள் இருந்துவிட்டுப் பெட்டியில் துணியை வைத்துக் கிளம்பிவிட்டான். ‘அதிகாரியிடம் தப்பு என்னுடையது என்று சொல்’ என்று சொல்லத்தான் பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். சொல்லவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அவன் போய்ச் சேர்ந்ததாகப் பேசினான். விழா நெருங்கிய சமயத்தில் எல்லையில் சண்டை மூண்டுவிட்டது. டிவியில் எந்நேரமும் அதுதான். விளக்கை அணைத்த ஊர்கள், வானத்தில் நெருப்புக் கோடுகள். மகனிடமிருந்து போன் இல்லை. நாங்கள் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது.

மனைவி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். மகள் போனைத் தேய்த்துத் தேய்த்துச் செய்தி பார்த்தாள். அவர்கள் இருவரும் சண்டையை நினைத்துப் பயந்தார்கள். என் பயம் வேறு மாதிரி இருந்தது. தலைமையகம் தூரத்தில் பத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் இவன் அங்கே இல்லை, அந்தத் துணியைப் பார்த்த அதிகாரி இவனை மேலே அனுப்பிவிட்டார் என்று என் மனம் தீர்மானித்துவிட்டது. தறியில் உட்கார்ந்தால் ஊடை அறுந்துகொண்டே இருந்தது. மறுபடி போளூருக்குப் பஸ் ஏறினேன்.

ஹவில்தார் வீட்டிலும் டிவி ஓடிக்கொண்டிருந்தது. இந்த முறை எப்படியோ வாய் வந்துவிட்டது. பருந்து ஜோடியாக வந்ததையும் என் பயத்தையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை.

“யோவ், சண்ட நடந்துகினு கீது. இதுல எவன்யா உன் துணியப் பிரிச்சுப் பாத்துகினு குந்திகினு இருப்பான்?”

“அப்ப அவன் ஆபீஸ்லதான இருப்பான், அண்ணே?”

சிரிப்பு நின்றுவிட்டது.  வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

“நானு அன்னிக்கு இன்னா சொன்னேன் உனக்கு? எங்கியோ இருந்துச்சு, கைவிட்டுப் போச்சு, டெண்ட்டுல இருந்துச்சு, அப்பறம் வேற எடத்துக்கு வந்துச்சுன்னு சொன்னனா இல்லியா? தலைமையகம்னா கட்டடம்னு நெனச்சுகினியா? ஆளுங்கதான்யா தலைமையகம். சண்டன்னா தளபதி முன்னால போவாரு. அவரு போனா மேப்பு போவும், வயர்லெஸ்ஸு போவும், டைப் அடிக்கிறவனும் போவான்.”

தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன். நான் இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்த கூரை, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அவர் என் எதிரிலேயே தூக்கி லாரியில் ஏற்றிவிட்டது போல இருந்தது. அன்றைக்கு அவர் சொன்ன சரித்திரம் முழுவதும் இடம் மாறிக்கொண்டே இருந்த கதை. நான் பருந்தின் மூக்கை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

புறப்படும்போது அவர் வாசல் வரை வந்தார். “பேஜார் பண்ணிக்காத. இருக்கிற எடத்துலருந்து பேச வுட மாட்டாங்க, அவ்வளவுதான். நானும் அப்பிடித்தான் பேசாம இருந்தேன். எங்கம்மாதான் பாவம்” என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

ஹவில்தார் என்ன சொன்னார் என்று வீட்டில் மனைவி கேட்டாள். பத்திரமாக இருப்பானாம் என்று மட்டும் சொன்னேன். மீதியை நான் வைத்துக்கொண்டேன்.

சண்டை நின்றதாக டிவியில் சொன்ன பிறகும் போன் வரவில்லை. ஒரு காலையில் பாவுக்குக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டிக் கட்டிக்கொண்டிருந்தபோது வந்தது. தெரியாத எண். கை முழுக்கக் கஞ்சி. மகள்தான் என் காதில் வைத்துப் பிடித்தாள்.

“அப்பா” என்றான். குரல் கட்டிப்போயிருந்தது.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். சொல்லக் கூடாது என்றான். சாப்பிட்டாயா என்றேன், சாப்பிட்டேன் என்றான். பின்னால் காற்று பெரிய சத்தமாக அடித்தது. அந்தச் சத்தம் அறைக்குள் கேட்கிற சத்தம் இல்லை. துணியைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான். விழா நடக்கவில்லை, துணி கீழே அடிவாரத்தில் அவன் பெட்டியிலேயே பிரிக்காமல் இருக்கிறது. மேலதிகாரியும் அவனோடுதான் இருக்கிறாராம், ஒரே கூடாரத்தில்.

“சண்டதான் நின்னுச்சே. எப்பப்பா ஆபீசுக்குத் திரும்புவ?” என்று கேட்டேன்.

“இப்ப ஆபீஸ் இங்கதாம்பா” என்றான்.

மனைவி ஓடிவந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள். நான் பாவுக்குத் திரும்பினேன். வெயில் ஏறுவதற்குள் இழைகளைப் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கஞ்சியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்துக்கொண்டே, இனிமேல் அவன் எங்கே இருக்கிறான் என்று எதை வைத்து நினைத்துக்கொள்வது என்று யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இன்னும் பிடிபடவில்லை. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறான், சில ஞாயிற்றுக்கிழமை பேசுவதில்லை.

எழுதி முடித்தது, ஐப்பசி மாதம் பதினொன்றாம் தேதி.