யாரும் சாகாத தீட்டு

எங்கள் பக்கம் பெயருக்குப் பின்னால் பட்டப்பெயர் உண்டு. கறம்பக்குடியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பட்டத்தைத்தான் விசாரிப்பார்கள். ஒரே பட்டம் என்றால் பங்காளி. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது, ஒரு சாவென்றால் எல்லோருக்கும் தீட்டு, பிணத்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் முகந்து வரும் நீர்மாலை எடுக்கப் பங்காளிதான் வந்து நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஏறிய அந்தப் பட்டத்தை துபாயில் இருந்தபோது இமெயிலிலும் வைத்துப் பீற்றிக்கொண்டேன். அதைத்தான் ஒரு களவாணி மோப்பம் பிடித்தான்.

மலேசியாவிலிருந்து வக்கீல் எழுதுவதாக மெயில் வந்தது. எங்கள் பட்டமுள்ள ஒருவர் மனைவி மக்களோடு கார் விபத்தில் போய்விட்டாராம். பேங்கில் பெரும்பணம் கேட்பாரற்றுக் கிடக்கிறதாம். அதே பட்டக்காரன் நான் வாரிசு என்று வந்து நின்றால் போதுமாம். துபாய் வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கு எச்சில் ஊறாதா? அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

அவர் காதில் பணம் விழவேயில்லை. அவருடைய பெரியப்பா ஒருவர் அந்தக் காலத்தில் மலேயாவுக்குக் கப்பலேறியவர், பிறகு தகவலே இல்லை. செத்தவன் அந்தப் பெரியப்பாவின் பேரன்தான் என்று அடித்துச் சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காசு கெடக்குது போ. கேட்டு வர ஆளே இல்லைங்குறான். அப்பக் கருமாதி யாருடா செஞ்சிருப்பா?"

நாமே செய்துவிடுவோம் என்று நாளும் குறித்துவிட்டார். அம்மன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பட்டத்துக்கு ஊரில் இரண்டே வீடு. ஒன்று எங்களுடையது, மற்றது அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, என் சித்தப்பா வீடு. கோயிலில் தலையில் கட்டிவிடும் பரிவட்ட மரியாதை ஒரு வருஷம் அங்கே, ஒரு வருஷம் இங்கே. போன முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது அப்பா நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த முறைக்காகப் பட்டுவேட்டி எடுத்து வைத்திருந்தார். அதைப் பெட்டிக்குள் திருப்பி வைத்துவிட்டு மொட்டை போட்டுக்கொண்டார். கருமாதி முடிந்தாலும் வருஷம் திரும்புகிறவரை தீட்டுக்காரன் கோயில் படி ஏறக் கூடாது, இந்த வருஷம் பரிவட்டம் இரண்டு வீட்டுக்கும் இல்லை என்றார்.

சித்தப்பாவும் கருமாதிக்கு வந்தார். செய்ய வேண்டியதுதாண்ணே என்று தலையாட்டினார். முதல் பந்தியில் உட்கார்ந்து பாயசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

திருவிழாவன்று மேளச் சத்தம் கேட்க அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தார். நான் கடைக்குப் போகிற வழியில் பார்க்கிறேன், கோயிலிலிருந்து சித்தப்பா வருகிறார், தலையில் பரிவட்டம். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவர் வீட்டு வாசலிலேயே மறித்தேன்.

"அதே தீட்டு ஒங்களுக்கும் உண்டுல்ல? எப்படி உள்ள போனீங்க?"

அங்கிட்டும் இங்கிட்டும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"செத்தாத்தானப்பா தீட்டு."

அதே மெயில் போன வருஷமே அவருக்கு வந்திருக்கிறது. அதே மனிதர், அதே மனைவி மக்கள், அதே கார். சித்தியின் சங்கிலியை அடகு வைத்து வக்கீல் ஃபீஸ் என்று அனுப்பி ஏமாந்திருக்கிறார். வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று வாயைத் திறக்கவில்லை. சரி, அண்ணன் தலையில் கத்தி வைக்கும்போதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் கை மேலே போய்ப் பரிவட்டத்தைத் தொட்டுப் பார்த்தது.

மெயில் அனுப்பியவன் எந்தச் சீமைக்காரனோ, என் மூஞ்சியைக்கூடப் பார்க்காதவன். அவனை நாலு கெட்ட வார்த்தையில் விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டே எங்கள் வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷனை என்ன செய்வது?

அப்பாவிடம் மறைக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். முள்முள்ளாய் முளைத்திருந்த தலையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப அந்தப் புள்ளைக சாகலையில்ல?"

அப்படிப் பிள்ளைகளே கிடையாது என்றேன். கோயிலைப் பற்றிக் கேட்பார், பரிவட்டத்தைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன்.

"நான் செத்தா எனக்கு நீர்மாலை எடுக்க அவன் வரக் கூடாது."

சரிப்பா என்றேன். ஊரில் எங்கள் பட்டத்துக்கு வேறு வீடு கிடையாது.